விற்காமல் நின்ற கிதார்

"கிப்சன் லெஸ் பால், 1959. எல்லாம் ஒரிஜினல். பெட்டியும் உண்டு." அமெரிக்காவில் பழைய மின்கிதார் விற்கும் ஒரு கடைக்காரர் இவ்வளவு விளம்பரம் கொடுத்தால் போதும், விசாரிப்பவர்கள் வரிசையில் நிற்பார்கள். அவர் கேட்கும் விலை சில லட்சம் டாலர். நம் பணத்தில் கோடிக் கணக்கு. மளிகை வியாபாரிக்கும் கிதாருக்கும் என்ன சம்பந்தம் என்று வாசகர்கள் கேட்கலாம். இந்தச் சரக்கு ஒரு காலத்தில் விலை போகாமல் தேங்கியது. இன்று விற்பவரின் வாக்குக்கே இதில் பாதி விலை. இரண்டும் நமக்குப் பழக்கமான சங்கதிகள் என்பதால் எழுதுகிறோம்.

மிச்சிகன் மாநிலத்துக் கலமசூ நகரில் தொழிற்சாலை வைத்திருந்த கிப்சன் நிறுவனம், 1952-இல் லெஸ் பால் என்ற கிதார் கலைஞரின் பெயரில் தங்க நிறத்தில் ஒரு மின்கிதாரை வெளியிட்டது. சில ஆண்டுகளில் விற்பனை இறங்கியது. 1958-இல் தங்கப் பூச்சை விட்டு, மேப்பிள் மரத்தின் வரிகள் தெரியும்படி நடுவில் மஞ்சளும் ஓரத்தில் சிவப்புமாக வண்ணம் மாற்றினார்கள். விலை ஏறத்தாழ 250 டாலர். அப்படியும் நினைத்தபடி நகரவில்லை. 1960-க்குப் பின் அந்த வடிவத்தையே நிறுத்திவிட்டு, 1961-இல் இரண்டு கொம்பு வைத்த மெல்லிய கிதாரைக் கொண்டுவந்தார்கள். நிறுத்தப்பட்டது மூன்றாண்டில் சுமார் 1,500 உருப்படிதான்.

1966-இல் இங்கிலாந்தின் ஜான் மேயால் குழுவினரின் இசைத்தட்டில் எரிக் கிளாப்டன் இதே ரகக் கிதாரை வாசித்தார். கனத்து நீளும் அந்த ஓசையைக் கேட்ட இளைஞர்கள் எல்லோரும் அதே கிதாரைத் தேடினார்கள். கடையில் புதிது இல்லை. பழையதுக்கு விலை ஏறத் தொடங்கியது. 1968-இல் நிறுவனம் லெஸ் பாலை மறுபடி தயாரிக்கத் தொடங்கியும், அந்த மூன்றாண்டுச் சரக்கின் மேல் விழுந்த கண் விலகவில்லை. அன்றே பத்து வாங்கிப் போட்டிருந்தால் என்று பேசுவது சுலபம். வட்டியும் கிடங்கு வாடகையும் கட்டுபவனுக்குத்தானே தெரியும் அந்தக் கஷ்டம்!

பழைய அரிசிக்கும் பழம்புளிக்கும் தனி விலை உண்டு என்பது நாம் அறிந்ததே. ஆனால் மங்கிய டின்னை நாம் துடைத்து முன்வரிசையில் வைப்போம். அங்கே தொடவே பயப்படுகிறார்கள். அந்தக் கிதாரின் சிவப்புச் சாயம் வெளிச்சம் பட்டால் வெளுக்கும் இனம். கடைக் கண்ணாடிக்குள் வெயிலில் தொங்கியவை வெறும் மஞ்சளாகிவிட்டன. பெட்டிக்குள் கிடந்தவை சிவப்பு மாறாமல் இருக்கின்றன. இரண்டுக்கும் ஆள் உண்டு. ஆனால் வெளுத்ததைப் பார்த்து மனம் பொறுக்காமல் யாராவது புது வண்ணம் பூசிவிட்டால், விலை பாதியாகும் என்பது அந்தத் தொழிலின் கணக்கு.

இத்தனை விலை என்றால் போலி வராமல் இருக்குமா? ஆகவே வாங்குபவர் திருப்புளியோடு வருகிறார். தலைப்பகுதியின் பின்புறம் மையால் குத்திய எண்ணில் முதல் இலக்கம் ஆண்டு. 9 என்றால் 1959. அதைப் பொய்யாகக் குத்த எத்தனை நேரம் ஆகும்? எனவே ஓசையைக் கூட்டிக் குறைக்கும் குமிழ்களுக்கு அடியில் பார்க்கிறார். அங்குள்ள பாகத்தில் 134832 என்று இருந்தால், 134 அதைச் செய்த நிறுவனம், 8 என்பது 1958, மிச்சம் 32-ஆவது வாரம். நம் பாக்கெட்டுகளில் வரும் பேட்ச் எண் மாதிரிதான். 1959 கிதாரில் 1958-ஆம் ஆண்டுப் பாகம் இருப்பது இயல்பு. 1962 இருந்தால் யாரோ மாற்றியிருக்கிறார்கள்.

கம்பியின் அதிர்வை மின்சாரமாக்கும் பிக்கப் என்ற காந்தச் சுருளை அடுத்துப் பார்ப்பார்கள். சேத் லவர் என்ற பொறியாளர் வடிவமைத்தது. காப்புரிமைக்கு 1955-இல் விண்ணப்பித்தார்கள், 1959-இல் கிடைத்தது. "விண்ணப்பிக்கப்பட்டுள்ளது" என்று அடியில் ஒட்டிய சிறிய கறுப்பு வில்லை உள்ள பிக்கப்புக்குத் தனிச் சந்தையே இருக்கிறது. அதனால் நல்ல கிதாரைப் பிரித்துப் பாகம் பாகமாக விற்பவர்களும் உண்டு, வில்லையை மட்டும் அச்சடிப்பவர்களும் உண்டு. சால்டரிங் கலைக்கப்படாமல் இருக்கிறதா என்று முதலில் பார்ப்பது இதனால்தான். பழைய தங்க நிறக் கிதாரைச் சுரண்டிச் சிவப்பு மஞ்சளாக்குவதும் நடக்கிறது. மாற்றியது என்று சொல்லி விற்றால் அது வியாபாரம். சொல்லாமல் விற்றால் அதற்கு வேறு பெயர்.

வெளிநாட்டுக்கு அனுப்புவதில் இன்னொரு சிக்கலும் உண்டு. விரல் பலகை பிரேசில் ரோஸ்வுட் மரம். 1992 முதல் அந்த மரத்தின் சர்வதேச வணிகத்துக்குக் கடும் கட்டுப்பாடு. பழைய மரம் என்று காட்டும் சான்றிதழ் இல்லாவிட்டால் எல்லையிலேயே சரக்கு நின்றுவிடும்.

முறையான கடைக்காரர்கள் குறைகளையும் விவரத்தில் எழுதிவிடுகிறார்கள்: மெட்டுக் கம்பி ஒருமுறை மாற்றப்பட்டது, ஒரு திருகு புதிது என்கிற அளவுக்கு. வீணையின் பிரடை போல் கம்பியை முறுக்கும் சாவிகளின் பிளாஸ்டிக் தலை வயதாகிச் சுருங்கி உதிரும். அவற்றை மாற்றாமல் வாசிக்க முடியாது. மாற்றியவர் விவரம் தெரிந்தவராக இருந்தால், உதிர்ந்த பழைய சாவிகளை ஒரு பொட்டலத்தில் கட்டிக் கிதார்ப் பெட்டியிலேயே வைத்திருப்பார். பணம் எண்ணுவதற்கு முன் வாங்குபவர் அந்தப் பொட்டலத்தைக் கேட்டு வாங்கிப் பிரித்துப் பார்க்கிறார்.