கோழிக்கும் பல்லிக்கும் மாவுப்புழு: முதலில் புழுவின் வயிற்றை நிரப்புங்கள்

நாட்டுக்கோழிக் குஞ்சுகளுக்குக் கரையான் போடுவது நம் ஊர்களில் பழைய வழக்கம். பழைய பானையில் சாணம், கிழிந்த சாக்கு, காய்ந்த ஓலை போட்டு, தண்ணீர் தெளித்து, மாலையில் புற்றருகே கவிழ்த்து வைத்தால் காலையில் கரையான் சேர்ந்திருக்கும். அதே உயிர்த்தீனியை வீட்டுத் திண்ணையிலேயே உருவாக்க உதவுவது மாவுப்புழு. கடைகளில் ‘மீல்வார்ம்’ என்று கேட்டால் தெரியும். மரவள்ளியையும் பப்பாளியையும் தாக்கும் மாவுப்பூச்சிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. இது ஒரு கருவண்டின் புழுப் பருவம்.

கோழி வளர்ப்போர் தவிர, அலங்கார மீன், கூண்டுப் பறவை, சிறுத்தைப் பல்லி வைத்திருப்போரும் இதை வாங்குகிறார்கள். உங்கள் பகுதியில் எத்தனை பேர் வாங்குவார்கள் என்று விசாரித்த பிறகு பெரிதாகத் தொடங்குங்கள். அதுவரை சொந்தக் கோழிக்கு இரண்டு டப்பா போதும்.

வழவழப்பான பிளாஸ்டிக் டப்பாவில் புழு ஏறி வெளியே வராது. அதில் கோதுமைத் தவிட்டை நான்கு விரல் உயரத்துக்குப் பரப்புங்கள். நெல் தவிடு எண்ணெய்ச் சத்தால் சீக்கிரம் சிக்கு வாடை அடிக்கும் என்பதால் கோதுமைத் தவிடே நல்லது. தவிட்டை நல்ல வெயிலில் காயவைத்துப் பயன்படுத்தினால் அதில் இருக்கும் சிறுவண்டும் பேனும் குறையும். தண்ணீர்க் கிண்ணம் வைக்கக் கூடாது. ஈரத்துக்கு கேரட் அல்லது உருளைக்கிழங்குத் துண்டு வைத்து, அது வாடியதும் மாற்றினால் போதும். மழைக்காலத்தில் ஈரம் கூடினால் தவிடு பூசணம் பிடிக்கும், கண்ணுக்கு எளிதில் தெரியாத பேன் பெருகும். தவிட்டின் மேல்பரப்பு மெல்ல நெளிவதுபோல் தெரிந்தால் பேன் வந்துவிட்டது என்று பொருள். அப்போது புழுக்களை மட்டும் சலித்தெடுத்துப் புதுத் தவிட்டுக்கு மாற்றிவிட வேண்டும்.

வண்டு தன் முட்டையையே தின்னும். கூட்டுப்புழுவையும் விட்டுவைக்காது. அதனால் வெள்ளையாகத் தெரியும் கூட்டுப்புழுக்களைத் தனி டப்பாவில் பொறுக்கி வையுங்கள். வண்டுகளைப் பத்து நாளைக்கு ஒரு முறை புதுத் தவிட்டுக்கு மாற்றி, முட்டை இருக்கும் பழைய தவிட்டை அசைக்காமல் விட்டுவிடுங்கள். 25 முதல் 28 டிகிரி வெப்பத்தில் இது நன்றாக வளரும். முட்டையிலிருந்து தீனிக்கு ஏற்ற புழு வர ஏறக்குறைய மூன்று மாதம் ஆகும். கோடையில் வீட்டிலேயே குளிர்ச்சியான அறையில் வையுங்கள். எறும்பு வராமல் பலகையின் கால்களைத் தண்ணீர்க் கிண்ணத்தில் நிறுத்துங்கள். நெல், தானியம் சேமிக்கும் அறையில் மட்டும் வைக்கவே கூடாது. இது இயல்பில் ஒரு சேமிப்புப் பூச்சி, தப்பிய வண்டு மூட்டைக்குள் குடியேறிவிடும்.

உயிருள்ள மாவுப்புழுவில் ஐந்தில் மூன்று பங்கு தண்ணீர், ஐந்தில் ஒரு பங்கு புரதம். மீதியில் பெரும்பகுதி கொழுப்பு. இதில் சுண்ணாம்புச் சத்து மிகக் குறைவு, பாஸ்பரஸ் பல மடங்கு அதிகம். பலர் கவனிக்காமல் விடுவது இதைத்தான். முட்டையிடும் கோழிக்கு இதையே முழுத்தீனியாகப் போட்டால் ஓடு மெலியும். கோழி வேறு எதையாவது கொத்தியாவது ஈடு செய்துகொள்ளும். கூண்டில் இருக்கும் சிறுத்தைப் பல்லிக்கு அந்த வாய்ப்பு இல்லை.

சிறுத்தைப் பல்லி ஆப்கானிஸ்தான், பாகிஸ்தான், வடமேற்கு இந்தியாவின் வறண்ட கல் நிலத்துக்குரியது. நம் வீட்டுப் பல்லிபோல் சுவர் ஏறாது. கண்ணுக்கு இமை உண்டு. தடித்த வாலில் கொழுப்பைச் சேர்த்து வைக்கும். கீரை, பழம் எதையும் தின்னாது, பூச்சி மட்டுமே தீனி. சுண்ணாம்புச் சத்து இல்லாத புழுவையே தின்றால் அதன் தாடை மெத்தென்றாகும், கால் எலும்பு வளையும். வாங்கியவரின் பல்லி நொண்டினால் பழி உங்கள் புழுவின் மேல்தான் விழும்.

ஆகவே விற்கவோ தீனி போடவோ எடுக்கும் புழுக்களை மட்டும் இரண்டு நாள் முன்பே பிரித்து, தவிட்டில் கால்சியம் கார்பனேட் தூளோ, முட்டை ஓட்டை வேகவைத்துக் காயவைத்து நைசாக அரைத்த தூளோ கலந்து கொடுங்கள். அது புழுவின் வயிற்றில் இருக்கும்போதே பல்லிக்குப் போய்விட வேண்டும். இந்தக் கலவையிலேயே நாள்கணக்கில் விட்டால் புழுவே சாகும். வெற்றிலைக்குப் போடும் சுண்ணாம்பையோ, வெள்ளையடிக்கும் சுண்ணாம்பையோ கலந்துவிடாதீர்கள். அது வாயையும் குடலையும் வெந்துபோகச் செய்யும். பல்லி வளர்ப்பவர் தன் பங்குக்கு வைட்டமின் டி3 சேர்ந்த கால்சியம் தூளைப் புழுவின் மேல் தூவிப் போட வேண்டும்.

பல்லியின் இரு கண்களுக்கு இடைப்பட்ட அகலத்தைவிடப் பெரிய புழு வேண்டாம். குட்டிக்குத் தினமும், வளர்ந்ததற்கு ஒன்றுவிட்டு ஒரு நாளும் போடலாம். மாவுப்புழுவோடு சுவர்க்கோழியும் மாற்றிமாற்றிக் கொடுப்பது நல்லது. தின்னாமல் மிஞ்சிய புழுவை எடுத்துவிடுங்கள், அது தூங்கும் பல்லியைக் கடிக்கும். வயல் ஓரத்தில் பிடித்த பூச்சியைப் போடுவது ஆபத்து. மருந்து தெளித்த வயலின் பூச்சி, பல்லியையும் குஞ்சையும் சேர்த்தே கொல்லும்.

பல்லியைத் தூக்கும்போது மேலிருந்து பிடிக்கக் கூடாது. பருந்து தூக்குவதாக நினைத்து மிரளும். உள்ளங்கையை வயிற்றுக்கு அடியில் நுழைத்து ஏந்துங்கள். வாலைப் பிடித்தால் கழன்றுவிடும். திரும்ப முளைத்தாலும் பழைய வடிவம் வராது. புதிதாக வந்ததை ஒரு வாரம் தொடாமல் விடுங்கள். தொட்ட பின் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள், ஊர்வனவற்றிடமிருந்து சால்மோனெல்லா கிருமி பரவும். குழந்தைகள் உள்ள வீட்டில் இதை விட்டுவிடக் கூடாது. இந்த இனம் நம் நாட்டுக் காடுகளிலும் இருப்பதால், வாங்கும் முன் வனத்துறையிடம் சட்ட நிலையைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

டப்பாவின் அடியில் மணல்போல் சேர்வது புழுவின் எச்சம். சலித்தெடுத்துக் கத்தரி, மிளகாய்ச் செடிகளுக்குக் கைப்பிடி அளவு போடலாம்.