மெக்கானிக் "கேஸ் தீர்ந்துவிட்டது" என்கிறாரா? முதலில் ஃபில்டரைப் பாருங்கள்

வளைகுடாவில் ஓடும் ஏசிக்கும் நம் ஊர் ஏசிக்கும் பெரிய வித்தியாசம் உண்டு. அங்கே அது நிற்பதே அபூர்வம். இங்கே ஜூன் மாதம் ஆரியங்காவு கணவாய் வழியாகக் காற்றும் சாரலும் இறங்கி, குற்றாலத்தில் சீசன் களைகட்டிவிட்டால், ரிமோட்டை எங்கே வைத்தோம் என்பதே நமக்கு மறந்துபோகிறது. பல மாதம் கழித்து, பிப்ரவரி கடைசியில் வெயில் ஏறும்போது சுவிட்சைப் போட்டால் குளிர் வருவதில்லை. மெக்கானிக் வருகிறார், "கேஸ் தீர்ந்துடுச்சு" என்கிறார். சில ஆயிரம் ரூபாய் கைமாறுகிறது. அடுத்த வருடமும் இதே கதை.

ஏசியில் இருக்கும் கேஸ், அடுப்பு கேஸைப் போல எரிந்து தீர்வதல்ல. மூடிய குழாய்க்குள் சுற்றிச் சுற்றி வருவது. அது குறைந்திருந்தால் எங்கோ கசிகிறது என்றுதான் பொருள். கசிவை அடைக்காமல் நிரப்பினால், ஓட்டை வாளியில் தண்ணீர் பிடித்த கதைதான். குழாய் இணைப்புகளில் சோப்பு நுரை தடவிப் பார்க்கச் சொல்லுங்கள். எண்ணெய்ப் பிசுக்கு தெரியும் இடத்தில் சந்தேகம் அதிகம். கசிவை அடைத்த பிறகு, வேக்கூம் பம்ப் போட்டுக் குழாயிலுள்ள காற்றையும் ஈரத்தையும் வெளியேற்றி, அவுட்டோர் யூனிட் ஸ்டிக்கரில் உள்ள எடைக்கு நிரப்புவதே முறை. எந்த கேஸ் என்பதும் அதே ஸ்டிக்கரில் இருக்கும். பழைய ஏசிகளில் ஆர்-22. இப்போது பரவலாக வருவது ஆர்-32. இது ஓரளவு தீப்பற்றக்கூடியது. ஸ்டிக்கரைப் பார்க்காமல் கையிலுள்ள சிலிண்டரை மாட்டுகிறவரைத் தடுத்து நிறுத்துங்கள்.

ஆளைக் கூப்பிடுவதற்கு முன் நாமே பார்க்கக்கூடியவை சில உண்டு. ஃபில்டர் தூசியால் அடைத்திருந்தால் உள்ளே காற்று ஓடாது. காயிலில் ஐஸ் கட்டும். பார்க்க கேஸ் குறைந்தது போலவே இருக்கும். குழாய்த் தண்ணீரில் கழுவி, நிழலில் உலர்த்தி மாட்டுங்கள். வெயில் காலத்தில் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை இதைச் செய்தால் போதும். உள்யூனிட்டிலிருந்து சுவரில் தண்ணீர் வடிந்தால், பெரும்பாலும் வடிகுழாயில் பாசி அடைத்திருக்கும். பூட்டிக் கிடக்கும் வீடுகளில் இன்னொரு தொல்லை, அவுட்டோர் யூனிட்டின் சர்க்யூட் போர்டில் புகும் பல்லி. ஏசி அசைவே இல்லாமல் கிடந்தால் இதையும் பார்க்கச் சொல்லலாம். மூடியைக் கழற்றுவது மட்டும் நம் வேலை அல்ல.

சாரல் நாட்களில் "ஏசி குளிரவில்லை" என்று புகார் சொல்பவர்களும் இருக்கிறார்கள். அறையே 24 டிகிரியில் இருக்கும்போது, 25-இல் வைத்த ஏசியின் கம்ப்ரஸர் எப்படி ஓடும்? அது பழுதல்ல. அறையின் ஈரம்தான் தொல்லை என்றால் ரிமோட்டில் 'டிரை' மோடு இருக்கிறது. சீசன் தொடங்கி ஏசியை நிறுத்தும் முன், வெறும் ஃபேன் மோடில் ஒரு மணி நேரம் ஓடவிட்டால் உள்ளே ஈரம் காயும். மறுமுறை போடும்போது பூஞ்சை வாடை குறையும். அவுட்டோர் யூனிட்டைப் பாலித்தீன் சுற்றிக் கட்ட வேண்டாம். அது மழையைத் தாங்கவே செய்யப்பட்டது. கட்டி வைத்தால் உள்ளே ஈரம் தங்கும், எலியும் குடியேறும்.

2020 ஜனவரி முதல் அறை ஏசிகள் 24 டிகிரியைத் தொடக்க அளவாகக் கொண்டே வருகின்றன. ஒரு டிகிரி கூட்டினால் சுமார் 6 சதவீத மின்சாரம் மிச்சம் என்பது மத்திய அரசின் எரிசக்தி திறன் அமைப்பின் கணக்கு. 18-இல் வைப்பதால் அறை சீக்கிரம் குளிர்ந்துவிடும் என்பது வெறும் நம்பிக்கை.

சாரல் காலத்தில் ஏசி ஓய்வெடுக்க, வாட்டர் ஹீட்டர் வேலைக்கு வருகிறது. இதில்தான் உயிர் சம்பந்தப்பட்டிருக்கிறது. மின்சார ஹீட்டருக்கு எர்த் சரியாக இருக்க வேண்டும். குளிக்கும்முன் சுவிட்சை அணைத்துவிடுவது நல்லது. சேஃப்டி வால்விலிருந்து தண்ணீர் சொட்டுகிறது என்று அதை அடைத்துவிடாதீர்கள், டேங்க் வெடிக்க வழி செய்துவிடும். கேஸ் கீசரைக் காற்றோட்டமில்லாத குளியலறைக்குள் மாட்டவே கூடாது. அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையும் இல்லை, நிறமும் இல்லை. உள்ளே இருப்பவர் உணரும் முன்பே மயங்கிவிடுவார். ஏற்கெனவே உள்ளே மாட்டியிருந்தால், அடுத்த சீசனுக்குக் காத்திராமல் ஆளை அழைத்து வெளிச்சுவருக்கு மாற்றுங்கள்.