ஒரு கல்லின் எடையும் பூமியின் வயிறும்

வாசலில் கிடக்கும் ஒரு கருங்கல்லை எடைபோட்டுப் பார்த்தே, பூமியின் நடுவில் என்ன இருக்க வேண்டும் என்று யோசிக்கத் தொடங்கிவிடலாம். பெரிய பேச்சாகத் தெரிகிறதா? டீயை எடுத்துக்கொள்ளுங்கள், மெதுவாகவே போவோம். ஏழாம் வகுப்புப் பிள்ளைக்கு என்ன கணக்குத் தெரியுமோ அது போதும்.

சமையலறைத் தராசில் கல்லை வையுங்கள். 270 கிராம் காட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். அளவு போட்ட குவளையில் 300 மில்லி தண்ணீர் ஊற்றி, கல்லை நூலில் கட்டி மெல்ல இறக்குங்கள். தண்ணீர் 400-க்கு ஏறுகிறது. அப்படியானால் கல் அடைத்துக்கொண்ட இடம் 100 மில்லி. 270-ஐ 100-ஆல் வகுத்தால் 2.7. அதே அளவு தண்ணீரைப் போல 2.7 மடங்கு கனம் என்று அர்த்தம். கல்லை இரண்டாக உடைத்து ஒரு துண்டை மட்டும் அளந்தாலும் இந்த எண் மாறாது. அடர்த்தி என்பது இவ்வளவுதான். ஆனால் பிள்ளைகள் தடுமாறுவதும் இங்கேதான். கனமானது மூழ்கும், லேசானது மிதக்கும் என்று சின்ன வயதிலேயே மனதில் பதிந்துவிடுகிறது. குண்டூசி மூழ்குகிறது, நாலு பேர் தூக்க முடியாத மரக்கட்டை மிதக்கிறது. மொத்த எடையைப் பார்க்காதே, ஒரே அளவு இடத்துக்கு எவ்வளவு எடை என்று பார். இதைப் புரியவைக்க ஒரு பீரியட் முழுக்கச் செலவானாலும் தகும்.

பல்லாவரம், பரங்கிமலைப் பக்கத்துக் கருங்கல் சார்னோக்கைட் என்ற வகை. பூமிக்கடியில் பல கிலோமீட்டர் ஆழத்தில் உருவாகி, கோடிக்கணக்கான ஆண்டுகளில் மேலே வந்து வெளிப்பட்ட பாறை அது. அவ்வளவு ஆழத்தைப் பார்த்த கல்லும் 2.7-ஐ ஒட்டித்தான் நிற்கிறது.

இனி பூமி முழுவதையும் எடைபோட வேண்டும். 1798-இல் லண்டனில் ஹென்றி கேவண்டிஷ் அதைச் செய்து காட்டினார். ஆறடி நீளக் கம்பு ஒன்றை நடுவில் கம்பியால் தொங்கவிட்டு, இரு முனைகளிலும் சிறிய ஈயக் குண்டுகளை மாட்டினார். ஒவ்வொன்றும் சுமார் 158 கிலோ எடையுள்ள இரண்டு பெரிய ஈயக் குண்டுகளை அவற்றின் பக்கத்தில் கொண்டுவந்தார். பெரிய குண்டு சிறிய குண்டைத் துளியளவு இழுக்கிறது. அதில் கம்பி எவ்வளவு முறுக்கிக்கொள்கிறது என்று அளந்து, அந்த இழுப்பைப் பூமி அதே சிறிய குண்டை இழுப்பதோடு ஒப்பிட்டார். அந்த அறைக்குள் அவர் நிற்கவில்லை. அறையைச் சாத்திவிட்டு, சுவரிலிருந்த துளை வழியே தொலைநோக்கியால் பார்த்தார். மனித உடம்பின் சூடு பட்டால் பக்கத்துக் காற்று சூடேறி, அடர்த்தி குறைந்து மேலே எழும்பும். அந்த அசைவே அளவைக் கெடுத்துவிடும். அடர்த்தியை அளக்கப் போனவருக்கு அடர்த்தியே தொந்தரவாக வந்து நின்றது.

அவருக்குக் கிடைத்த விடை, பூமியின் சராசரி அடர்த்தி தண்ணீரைப் போல 5.48 மடங்கு. இன்றைய கணக்கு 5.51. இந்த எண்ணைக் கல்லின் எண்ணுக்குப் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். மேலே இருப்பது 2.7, மொத்தச் சராசரியோ அதைப் போல இரண்டு மடங்கு. அப்படியென்றால் உள்ளே பாறையைவிட மிகக் கனமான ஏதோ ஒன்று ஏராளமாக இருந்தே ஆக வேண்டும். ஒருவரும் குழி தோண்டாமலே இது தெரிந்துவிட்டது. தோண்டியவர்கள் எவ்வளவு தூரம் போனார்கள் என்றும் சொல்லிவிடுகிறேன். ரஷ்யாவின் கோலா தீபகற்பத்தில் துளைத்த மிக ஆழமான துளை 12,262 மீட்டர். பூமியின் ஆரம் 6,371 கிலோமீட்டர். 500-இல் ஒரு பங்குகூட எட்டவில்லை.

கனமானது ஏன் நடுவுக்குப் போனது? அதற்குத் துகள்களைப் பார்க்க வேண்டும். ஒரு டம்ளரில் ஆறிய தண்ணீர், இன்னொன்றில் வெந்நீர். இரண்டிலும் ஒவ்வொரு சொட்டு டிகாக்‌ஷன் விடுங்கள், கலக்க வேண்டாம். வெந்நீரில் நிறம் சட்டென்று பரவும். சூடு என்று நாம் சொல்வதே துகள்களின் ஓட்டம்தான். திடப்பொருளிலும் அவை சும்மா நிற்பதில்லை, இருந்த இடத்திலேயே அதிர்ந்துகொண்டிருக்கின்றன. சூடு ஏறினால் துகள் பெருத்துவிடும் என்று பல பிள்ளைகள் எழுதுவார்கள். துகள் பெருப்பதில்லை, ஆட்டம் கூடுவதால் இடைவெளிதான் கூடுகிறது. அதே எடை அதிக இடத்தை அடைக்கிறது, அடர்த்தி குறைகிறது.

மார்கழிக் குளிரில் உறையும் தேங்காய் எண்ணெயில் இதை நேரில் பார்க்கலாம். உறைந்த எண்ணெயில் கொஞ்சம் எடுத்து, உருகிய எண்ணெயில் போடுங்கள். அடியில் போய் உட்காரும். உறைந்ததில் துகள்கள் நெருங்கி அடங்கியிருப்பதுதான் காரணம். ஐஸ் மட்டும் ஏன் தண்ணீரில் மிதக்கிறது என்று பிள்ளை உடனே கேட்கும், கேட்கவும் வேண்டும். தண்ணீர் உறையும்போது அதன் துகள்கள் நடுவே வெற்றிடம் விட்டுக் கோத்துக்கொள்கின்றன. அதனால் ஐஸின் அடர்த்தி 0.92-க்கு இறங்கிவிடுகிறது. பெரும்பாலான பொருள்கள் எண்ணெய் பக்கம், தண்ணீர் விதிவிலக்கு.

சுமார் 454 கோடி ஆண்டுகளுக்கு முன்பு உருவானபோது பூமியின் பெரும்பகுதி உருகிக் கிடந்தது. உருகிய நிலையில் துகள்கள் இடம் மாற முடியும். கனமான இரும்பும் நிக்கலும் கீழே இறங்கின, லேசான பாறைப் பொருள் மேலே ஒதுங்கியது. அப்படிப் பிரிந்ததைத்தான் மேலோடு, கவசம், கருவம் என்று படிக்கிறோம்.

அழுத்தத்தால் பாறையே நசுங்கி அடர்த்தி கூடியிருக்கலாமே, இரும்பு எதற்கு? நல்ல சந்தேகம்தான். நசுங்கல் உண்டு. கவசத்தின் மேல்பகுதியில் 3.3 ஆக இருப்பது கீழே போகப் போக 5.5 வரை ஏறுகிறது. ஆனால் சுமார் 2,900 கிலோமீட்டர் ஆழத்தில் ஒரே தாவலாக 10-ஐத் தொட்டுவிடுகிறது. நசுங்கினால் படிப்படியாகத்தான் ஏறும். தாவியது என்றால் பொருளே மாறிவிட்டது என்று அர்த்தம்.

இந்தத் தாவலை நமக்குக் காட்டிக்கொடுத்தவை நிலநடுக்க அலைகள். துகள்களை முன்னும் பின்னும் தள்ளிப் போகும் அலை எதற்குள்ளும் போகும். பக்கவாட்டில் ஆட்டிப் போகும் அலை திரவத்துக்குள் போகாது. அங்கே துகள்கள் ஒன்றையொன்று இறுகப் பிடித்துக்கொண்டு இல்லை. பூமியின் வெளிக்கருவம் திரவம் என்பது இப்படித் தெரிந்தது. 1929-இல் நியூசிலாந்தில் வந்த நிலநடுக்கத்தின் பதிவுகளில், வரக்கூடாத இடத்தில் மெல்லிய அலைகள் வந்திருப்பதை டென்மார்க்கின் இங்கெ லேமன் என்ற பெண்மணி கவனித்தார். திரவத்துக்குள்ளே இன்னொரு உருண்டை இருக்கிறது என்று 1936-இல் எழுதினார். அந்த உட்கருவம் திடமானது. 5,000 டிகிரிக்கு மேல் சூடு இருந்தும் அங்கே இரும்பு உருகவில்லை. நம் தலைமேல் உள்ள காற்றழுத்தத்தைப் போல 33 லட்சம் மடங்கு அழுத்தம் துகள்களை விலகவிடாமல் பிடித்து வைத்திருக்கிறது.

ஒரு திருத்தம் சொல்லியாக வேண்டும். கவசம் என்றதும் செந்நிறக் குழம்பை வரைந்து, சாம்பார் கொதிப்பதுபோல என்று சொல்லிவிடுகிறோம். சூடானது எழும்பும், ஆறியது இறங்கும் என்ற வரைக்கும் அது சரி. ஆனால் கவசம் குழம்பல்ல, பெரும்பாலும் கெட்டிப் பாறை. 100 டிகிரி சூடு கூடினால் அதன் அடர்த்தி ஆயிரத்தில் சுமார் மூன்று பங்கு குறையும். அந்தச் சின்ன வித்தியாசமே போதும். ஆண்டுக்குச் சில சென்டிமீட்டர் என்று அந்தப் பாறை நகர்ந்துகொண்டே இருக்கிறது. இந்தியாவைச் சுமக்கும் தட்டு வடக்கே போய் ஆசியாவில் மோதி இமயமலை எழுந்ததும் இந்த நகர்வோடு சேர்ந்த கதைதான்.

நம் பக்கத்திலேயே ஒரு சான்று இருக்கிறது. குமரிமுனைக்குத் தெற்கே இந்தியப் பெருங்கடலில் பூமியின் ஈர்ப்பு குறைவு. அதனால் அங்கே கடல்மட்டம் இருக்க வேண்டிய அளவைவிட 100 மீட்டருக்கு மேல் தாழ்ந்து கிடக்கிறது. கவசத்துக்குள் சூடாக, அடர்த்தி குறைந்து எழும்பி நிற்கும் பொருள்தான் காரணம் என்று பெங்களூரு இந்திய அறிவியல் கழக ஆய்வாளர்கள் 2023-இல் விளக்கினார்கள்.

இத்தனையும் ஒரே பாடம். நம் ஏழாம் வகுப்பிலோ அடர்த்தி அறிவியல் புத்தகத்தில் இருக்கிறது, பூமியின் உள்ளமைப்பு சமூக அறிவியல் புத்தகத்தில் இருக்கிறது. இரண்டையும் பிள்ளை தனித்தனியாக மனப்பாடம் செய்கிறது. புத்தகம் மாறும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. இரண்டு ஆசிரியர்களும் பேசி வைத்துக்கொண்டு, இரு பாடங்களையும் ஒரே வாரத்தில் நடத்திப் பாருங்கள்.