எந்த இடத்தை விட்டுக்கொடுப்பது?

2019 செப்டம்பர் 5 அன்று ஒரே நாளில் இரண்டு முடிவுகள் வந்தன. குவாஹாட்டியில் இந்தியா ஓமனிடம் 1–2 எனத் தோற்றது. தோஹாவில் கத்தார் ஆப்கானிஸ்தானை 6–0 என நொறுக்கியது. ஐந்தாவது நாள், செப்டம்பர் 10 அன்று, அதே தோஹாவில் கத்தாரும் இந்தியாவும் மோத வேண்டும். 2022 உலகக் கோப்பைக்கும் 2023 ஆசியக் கோப்பைக்கும் சேர்த்து நடந்த தகுதிச் சுற்று அது.

கத்தார் அப்போது ஆசியாவின் சாம்பியன். அந்த வருடத் தொடக்கத்தில் நடந்த ஆசியக் கோப்பையில் 19 கோல் அடித்து, ஒரே ஒரு கோல் வாங்கி, இறுதி ஆட்டத்தில் ஜப்பானை 3–1 என வீழ்த்தியிருந்தார்கள். அல்மோயஸ் அலி ஒருவர் மட்டும் 9 கோல். ஒரே ஆசியக் கோப்பையில் அத்தனை கோலை அதுவரை எவரும் அடித்ததில்லை. இந்தியா அதே போட்டியில் முதல் சுற்றோடு ஊர் திரும்பிய அணி.

தோஹாவில் வேலை பார்க்கும் எங்களுக்கு அந்த ஐந்து நாளும் வேறு பேச்சே இல்லை. நான் கன்னியாகுமரி மாவட்டத்து மேற்குக் கடற்கரைக்காரன். தூத்தூர், சின்னத்துறை, இரவிபுத்தன்துறை என்று எங்கள் பக்கத்து ஊர்களில் பந்து உதைக்காத பிள்ளை கிடையாது. ஐ.எஸ்.எல்லில் பெயரெடுத்த மைக்கேல் சூசைராஜ் இரவிபுத்தன்துறைக்காரர்தான். என் அறையில் இருந்தவர்களும் பந்து தெரிந்தவர்கள். காயல்பட்டினத்துக் காக்கா ஒருவர், ஊரில் ஸ்டாப்பர் பேக் ஆடியவர். மலப்புறத்துச் சேட்டன் ஒருவர். வியாசர்பாடியிலிருந்து வந்த தம்பி ஒருவன். ராத்திரிச் சாப்பாடு முடிந்து தட்டைக் கழுவி வைத்ததும் விவாதம் தொடங்கிவிடும்.

சேட்டனுக்குப் புதுப் பயிற்சியாளர் இகோர் ஸ்டிமாச் மீது நம்பிக்கை. 1998 உலகக் கோப்பையில் மூன்றாம் இடம் பிடித்த குரோஷிய அணியில் ஆடியவர்; இந்தியாவுக்கு வந்து சில மாதங்களே ஆகியிருந்தன. பந்தைக் கண்டபடி தூக்கி அடிக்காமல் பின்னாலிருந்தே பாஸ் போட்டு ஆடக் கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்தார். கத்தாரைக் கண்டு அதைக் கைவிட்டால் என்றைக்குத்தான் பழகுவது என்று சேட்டன் கேட்பார். தன் கேரளத்துப் பையன் சஹல் அப்துல் சமதை முதல் நிமிடத்திலிருந்தே இறக்க வேண்டும் என்பது அவருடைய ஒற்றைக் கோரிக்கை.

தம்பிக்கு அதுவும் போதாது. "மேல ஏறி நெருக்கணும்ணா. அவங்க கோலிகிட்டேர்ந்தே பாஸ் பண்ணி வராங்க இல்ல, அங்கயே புடுங்கணும். டிஃபென்ஸ் லைன மேல தூக்கி வெச்சா பாதி பேர் ஆஃப்சைடுல நிப்பான்."

"தூக்கி வெச்சா பின்னால அத்தனை எடமும் சும்மா கெடக்குமே தம்பி, அத யாரு பாக்குறது?" என்பார் காக்கா. "எல்லாரும் பந்துக்குப் பின்னால வரணும். நடுவ அடைச்சிரணும். சைடுல வேணும்னா ஓடிட்டுப் போவட்டும்."

"அப்ப பஸ்ஸ நிறுத்திட்டு நிக்கச் சொல்றீங்களா காக்கா?"

பஸ் என்றால் கால்பந்து ரசிகர்களிடம் வசை. 2004-இல் செல்சி அணியைக் கோல் அடிக்கவிடாமல் டாட்டன்ஹாம் அடைத்து ஆடியபோது, செல்சியின் பயிற்சியாளர் மொரின்யோ எரிச்சலில் எறிந்த சொல், அன்றிலிருந்து ஒட்டிக்கொண்டது. ஆறு வருடம் கழித்து அதே மொரின்யோ இன்டர் மிலானோடு பார்சிலோனா மைதானத்துக்குப் போய், 28-ஆவது நிமிடத்திலேயே ஒருவர் சிவப்பு அட்டை வாங்கி வெளியேறிய பின், மிச்சமிருந்த பத்துப் பேரை வைத்து அடைத்து ஆடினார். அந்த ஆட்டத்தில் 0–1 எனத் தோற்றார்கள். ஆனால் இரண்டு ஆட்டமும் சேர்த்து 3–2 என முன்னேறி, கோப்பையையும் வென்றார்கள். காக்கா இந்தக் கதையைச் சொல்லாத ராத்திரி இல்லை.

இந்தச் சண்டையைச் சாதாரணமாக 'அட்டாக்கா, டிஃபென்ஸா' என்று சுருக்கிவிடுவோம். அதில் பாதி விஷயம் தொலைந்துபோகிறது. கணக்கைப் பாருங்கள். சர்வதேச மைதானம் பொதுவாக 105 மீட்டர் நீளம், 68 மீட்டர் அகலம். கோலியை விட்டால் பத்துப் பேர். அத்தனை இடத்தையும் பத்துப் பேரால் காக்க முடியாது, பார்சிலோனாவாலும் முடியாது. எங்கேயோ ஓரிடத்தை விட்டே தீர வேண்டும். தம்பி சொன்னபடி தற்காப்பு வரிசை மேலேறினால் முதுகுக்குப் பின்னால் இடம் விடுகிறோம். காக்கா சொன்னபடி இறங்கி நின்றால் எதிராளி பந்தோடு உலவ மைதானத்தின் முக்கால்வாசியையும், நம் பாதியில் இரண்டு ஓரங்களையும் விடுகிறோம். எதை விட்டால் நமக்குச் சேதம் குறைவு என்பதுதான் வலுத்த அணியோடு மோதும் எவரும் தீர்க்க வேண்டிய விஷயம்.

இறங்கி ஆடுவதை வெறுமனே நின்று வாங்கிக்கொள்வது என்று நினைக்கிறவர்கள் ஒருமுறை மைதானத்துக்குப் போய் மேல் வரிசையில் உட்கார்ந்து பார்க்க வேண்டும். டிவி பந்தின் பின்னாலேயே ஓடும். தற்காப்பின் உழைப்பு பந்து இல்லாத இடத்தில் நடக்கிறது. பின்னால் நான்கு பேர், அவர்களுக்குப் பத்துப் பன்னிரண்டு மீட்டர் முன்னால் நான்கைந்து பேர். பந்து வலப்பக்கம் போனால் மொத்த வரிசையும் வலப்பக்கம் நகரும். இடக்கோடியில் இருப்பவரும் நடுவுக்கு வந்துவிடுவார். பந்து இடம் மாறினால் எல்லோரும் திரும்பி வர வேண்டும். ஒருவர் இரண்டு அடி பிந்தினால் போதும், அந்த இடுக்கில் பாஸ் நுழைந்துவிடும். தொண்ணூறு நிமிடமும் இதே வேலை. ஒரு மீன்பிடி வலையைப் பத்துப் பேர் சேர்ந்து இழுக்கும்போது ஒருவன் கை தளர்ந்தாலும் மொத்தமும் சரிவதை எங்கள் கரையில் பார்த்திருக்கிறேன். தற்காப்பு வரிசையும் அப்படித்தான்.

நடுவை அடைத்து ஓரத்தை விடுவதற்கும் காரணம் உண்டு. கோல் கம்பங்களுக்கு இடையே 7.32 மீட்டர். நேர் எதிரே நின்று அடிப்பவனுக்கு அது முழுசாகத் தெரியும். ஓரக் கோட்டருகே நிற்பவனுக்குக் கோலே தெரியாது. அவன் கிராஸ் அடிக்கத்தான் முடியும். கிராஸ் வந்தால் நம் பின்வரிசையின் சந்தேஷ் ஜிங்கானும் ஆதில் கானும் தலையால் முட்டி வெளியேற்றுவார்கள். அதையும் தாண்டினால் ஆறரை அடி உயரக் கோலி குர்பிரீத் சிங் சந்து நிற்கிறார். 25 மீட்டர் தூரத்திலிருந்து அடிப்பவனையும் அடிக்க விடலாம். குர்பிரீத்துக்குப் பந்தைப் பார்க்க நேரம் இருக்கும். அப்படியானால் கத்தார் எத்தனை முறை அடித்தது என்பதைவிட எங்கிருந்து அடித்தது என்பதே பெரிது.

ஆனால் காக்காவின் திட்டத்தில் ஓர் ஓட்டை இருந்தது. அதைப் பிடித்தவர் சேட்டன். வெளியேற்றிய பந்து யாரிடம் போகும்? பத்து நொடியாவது அதைக் காலில் வைத்துக்கொள்ள ஆள் இல்லையென்றால் அரை நிமிடத்தில் மறுபடி நம் பெட்டிக்குள் வந்து நிற்கும். பின்வரிசை மூச்சு வாங்கக்கூட முடியாது. கடைசி நிமிடங்களில் கோல் விழுவது இப்படித்தான். ஓமன் ஆட்டமே சாட்சி: 24-ஆவது நிமிடத்தில் சுனில் சேத்ரி கோல் போட்டுக் கொடுத்த முன்னிலையை 82-ஆவது நிமிடம் வரை காத்துவிட்டு, அதன்பிறகு இரண்டு கோல் வாங்கினோம். அதனால்தான் சஹல் வேண்டும் என்றார் சேட்டன். அவன் காலில் பந்து தங்கும். அதுவரை ஊர்ப்பாசம் என்று தள்ளியிருந்த அந்தக் கோரிக்கைக்குள் இருந்த நியாயம் அன்றைக்குத்தான் காக்காவுக்கும் உறைத்தது.

பிறகு வந்தது அந்தச் செய்தி. சேத்ரிக்குக் காய்ச்சல், ஆடவில்லை. அறையில் கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. இந்தியாவுக்குக் கோல் என்றால் சேத்ரி, சேத்ரி என்றால் கோல் என்று ஆகி எத்தனையோ வருடம்.

ஜாசிம் பின் ஹமத் மைதானத்தில் அன்று இறங்கிய அணியில் சஹல் இருந்தார். கேப்டன் குர்பிரீத். முன்னால் மன்வீர் சிங் தனியாள். பின்வரிசைக்கு முன்னால் ரவ்லின் போர்ஜஸ் அரணாக நின்றார். முதல் பாதியில் கத்தார் அடித்துக்கொண்டே இருந்தது. மொத்த ஆட்டத்தில் 25-க்கும் மேற்பட்ட ஷாட். குர்பிரீத் தாவினார், விழுந்தார், மறுபடி எழுந்தார். ஜிங்கானும் ஆதிலும் உடம்பைக் கொடுத்துத் தடுத்தார்கள். ஆனால் நேரம் போகப்போகக் கத்தாரின் ஷாட்கள் தூரத்திலிருந்து வரத் தொடங்கியதைக் காக்கா முழங்கையால் இடித்து இடித்துக் காட்டினார். இரண்டாம் பாதியில் சஹல் இரண்டு மூன்று பேரைக் கடந்து பந்தை முன்னால் கொண்டுபோனபோதெல்லாம் பின்வரிசைக்கு மூச்சு கிடைத்தது. நம் உதாந்தா சிங் அடித்த பந்து ஒன்று கோலுக்கு மிக அருகே போனது. அது உள்ளே போயிருந்தால் நாங்கள் அன்றிரவு தூங்கியிருக்க மாட்டோம்.

0–0. நீலச் சட்டைக்காரர்கள் தமிழிலும் மலையாளத்திலும் இந்தியிலும் கத்திக்கொண்டே வெளியே வந்தோம். அந்தத் தகுதிச் சுற்றுக் குழுவில் கத்தார் ஆடிய 8 ஆட்டங்களில் ஏழில் வென்றது. வெல்லாமல் போன ஒரே ஆட்டம் இதுதான்.

இதனால் தம்பி சொன்னது தப்பு என்று ஆகிவிடாது. 2022 உலகக் கோப்பையில், லுசைல் மைதானத்தில், சவுதி அரேபியா அவன் சொன்ன அதே திட்டத்தை அர்ஜென்டினாவுக்கு எதிராகச் செய்து காட்டியது. தற்காப்பு வரிசையை நடுக்கோட்டுக்குப் பக்கத்தில் நிறுத்தினார்கள். முதல் பாதியிலேயே அர்ஜென்டினாவின் மூன்று கோல்கள் ஆஃப்சைடில் பறிபோயின. சவுதி 2–1 என வென்றது. அந்த அணியில் பெரும்பாலோர் அல் ஹிலால் என்ற ஒரே கிளப்பில் வருடக்கணக்காகச் சேர்ந்து ஆடியவர்கள். நான்கு பேரும் ஒரே நொடியில் ஒரே அடி முன்வைக்க அந்தப் பழக்கம் வேண்டும். 2019-இல் இந்தியா, சில மாதமே ஆன பயிற்சியாளரோடு அதை முயன்றிருந்தால் ஆப்கானிஸ்தான் வாங்கிய ஆறு நமக்கும் விழுந்திருக்கும் என்பது என் முடிவு. அதே உலகக் கோப்பையில் ஜப்பான் 18 விழுக்காட்டுக்கும் குறைவான நேரமே பந்தை வைத்திருந்து ஸ்பெயினை 2–1 என வென்றது. பந்து கிடைத்த கொஞ்ச நேரத்தில் என்ன செய்ய வேண்டும் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

நமக்குத் தெரியாமல் போனது அதுதான். தோஹா ஆட்டம் முடிந்து ஐந்தே வாரத்தில், கொல்கத்தா சால்ட் லேக் மைதானத்தில் வங்காளதேசத்தோடு மோதினோம். இம்முறை இறங்கி நின்றவர்கள் அவர்கள். அடைத்து ஆடும் அணியைத் திறக்க நம்மிடம் வழி இல்லை. 88-ஆவது நிமிடத்தில் ஆதில் கான் தலையால் முட்டிப் போட்ட கோலில்தான் 1–1 என்று மானம் தப்பியது. கத்தாரிடம் எடுத்த ஒரு புள்ளியைப் பற்றி இன்றும் பேசுகிறோம். வங்காளதேசத்திடம் விட்ட இரண்டு புள்ளிகளைப் பற்றிப் பேசுவதில்லை. என் மனதில் இரண்டாவதுதான் பெரிய செய்தி.

அதன்பின் கத்தாரோடு மூன்று முறை மோதியிருக்கிறோம். 2021 ஜூனில் ராகுல் பேக்கே 17-ஆவது நிமிடத்திலேயே வெளியேற, பத்துப் பேரோடு ஆடி 0–1. 2023 நவம்பரில் புவனேஸ்வரத்தில் 0–3. 2024 ஜூன் 11 அன்று தோஹாவில் லல்லியன்சுவாலா சாங்தே கோல் போட, 73-ஆவது நிமிடம் வரை முன்னிலையில் இருந்தோம். எல்லைக்கோட்டைத் தாண்டிப்போன பந்தை உள்ளே இழுத்து அடித்ததைக் கோல் என்று நடுவர் கொடுத்தார். அந்தத் தீர்ப்பு அநியாயம். ஆனால் முன்னிலையில் இருந்தபோது இரண்டாவது கோலை அடிக்க ஆள் இல்லாததும் உண்மை. 1–2 எனத் தோற்று உலகக் கோப்பைத் தகுதிச் சுற்றிலிருந்து வெளியேறினோம்.

நான்கு ஆட்டங்களில் ஒரு கோல். தற்காக்க நமக்கு ஆள் வந்துகொண்டே இருக்கிறார்கள். பந்தை வாங்கி வைத்து, திரும்பி, கோல் அடிக்கும் சென்டர் ஃபார்வர்ட் வரவில்லை. நம் கிளப்கள் அந்த இடத்தைப் பெரும்பாலும் வெளிநாட்டு வீரருக்கே கொடுக்கின்றன. ஊரிலிருந்து வரும் பையனை விங்குக்குத் தள்ளுகிறார்கள், இல்லையென்றால் பெஞ்சில் உட்கார வைக்கிறார்கள். சேத்ரி 2024 ஜூனில் ஓய்வுபெற்றார். 2025 மார்ச்சில், 40 வயதில், அவரையே இந்திய அணி திரும்ப அழைத்துக் கொண்டது.