தோலுக்கு அடியில் பூச்சி ஊர்வது போன்ற உணர்வு: ஊக்கப் போதைப்பொருளுடன் என்ன தொடர்பு?

ஆகுர்டி (புனே):

தோலின் மீதோ, தோலுக்கு அடியிலோ எறும்புகள் ஊர்வது போன்ற உணர்வு தோன்றுகிறது. பார்த்தால் எதுவும் இருப்பதில்லை. ஆனாலும் சொறிவதை நிறுத்த முடிவதில்லை. கைகளிலும் முகத்திலும் புண்கள் உண்டாகின்றன. குடும்பத்தினர் இதனைச் சிரங்கு அல்லது ஒவ்வாமை என எண்ணிக் களிம்பு வாங்கித் தருகின்றனர். சிலருக்கு இதன் காரணம் தோலில் இல்லை; கொக்கைன், மெத்தாம்பெட்டமைன், மெஃபெட்ரோன் போன்ற ஊக்கப் போதைப்பொருள்களில் இருக்கிறது.

மருத்துவத்தில் இந்த உணர்வு 'ஃபார்மிகேஷன்' எனப்படுகிறது. எறும்பைக் குறிக்கும் 'ஃபார்மிகா' என்ற இலத்தீன் சொல்லே இதன் வேர். கொக்கைன் பயன்படுத்தியவர்களிடம் காணப்பட்ட இந்த அறிகுறியைப் பிரெஞ்சு மனநல மருத்துவர் வாலண்டைன் மன்யான் 1889-ம் ஆண்டிலேயே பதிவு செய்தார். இன்றும் இது 'மன்யான் அறிகுறி' என அவரது பெயரால் அழைக்கப்படுகிறது.

புனேயில் ஏன் இது முக்கியம்?

பிம்ப்ரி-சிஞ்ச்வாட் மாநகரின் ஒரு பகுதியான ஆகுர்டி, தொழிற்சாலைகளும் கல்லூரிகளும் நிறைந்தது. வேலைக்காகவும் படிப்பிற்காகவும் வெளிமாநில இளைஞர்கள் பலர் இங்கு தங்கியுள்ளனர். இதன் அருகில் உள்ள சாக்கன் பகுதியில் 2020-ம் ஆண்டு அக்டோபர் மாதம் சுமார் 20 கிலோ மெஃபெட்ரோனை பிம்ப்ரி-சிஞ்ச்வாட் காவல் துறையினர் பறிமுதல் செய்தனர். 2024-ம் ஆண்டு பிப்ரவரி மாதம் புனே காவல் துறையினர் நடத்திய சோதனைகளில், குர்கும்ப் தொழிற்பேட்டை, டெல்லி உள்ளிட்ட இடங்களில் இருந்து 1,700 கிலோவுக்கும் அதிகமான மெஃபெட்ரோன் கைப்பற்றப்பட்டது. அதன் மதிப்பு 3,500 கோடி ரூபாய்க்கும் மேல் எனக் கூறப்பட்டது.

'எம்.டி.', 'மியாவ் மியாவ்' என்ற பெயர்களில் விற்கப்படும் இந்தப் பொருள், 2015-ம் ஆண்டு போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் கீழ் கொண்டு வரப்பட்டது.

மூளையில் நிகழ்வது என்ன?

ஊக்கப் போதைப்பொருள்கள் மூளையில் டோபமைன் என்ற வேதிப்பொருளின் அளவைத் திடீரென உயர்த்துகின்றன. புலன் உணர்வுகளில் எதற்கு முக்கியத்துவம் அளிக்க வேண்டும் என்பதை மூளை தீர்மானிப்பதில் டோபமைனுக்குப் பங்கு உண்டு. அதன் அளவு மிகும்போது, வழக்கமாகப் பொருட்படுத்தாத சிறு உணர்வும் பெரிதாகத் தோன்றுகிறது. இல்லாத தொடுதலும் உண்மை போல உணரப்படுகிறது. பல நாள் தூக்கமின்மை, உடலில் நீர்ச்சத்துக் குறைவு, மிகுந்த வியர்வை ஆகியவை இதனை மேலும் தீவிரமாக்குகின்றன.

தொடக்கத்தில், அங்கு பூச்சி எதுவும் இல்லை என்பதைப் பாதிக்கப்பட்டவர் அறிந்திருப்பார். பயன்பாடு தொடரும்போது அந்தத் தெளிவு மறையக்கூடும். பூச்சிகள் உண்மையில் இருப்பதாக உறுதியாக நம்பும் சிலர், தோல் துணுக்குகளையும் நூல் இழைகளையும் சிறு பெட்டியில் சேகரித்து மருத்துவரிடம் காட்டுவதுண்டு. இதற்குத் 'தீப்பெட்டி அறிகுறி' என்று பெயர். ஊசி, கத்தி ஆகியவற்றால் தோலைக் கிளறுவதும், பூச்சிக்கொல்லியை உடலில் பூசுவதும் ஆபத்தானவை. புண்களில் கிருமித் தொற்று ஏற்பட்டு அது இரத்தத்திலும் பரவலாம்.

போதைப்பொருள் மட்டுமே காரணமா?

இல்லை. நீரிழிவால் ஏற்படும் நரம்புப் பாதிப்பு, வைட்டமின் பி12 குறைபாடு, மாதவிடாய் நிற்கும் காலம், பார்கின்சன் நோய்க்கான சில மருந்துகள் ஆகியவற்றாலும் இந்த உணர்வு தோன்றலாம். நீண்ட நாள் மதுப் பழக்கத்தைத் திடீரென நிறுத்துவோருக்கும் இது ஏற்படுகிறது. அது உயிருக்கு ஆபத்தான நிலையாக மாறக்கூடும். உண்மையான சிரங்கும் பரிசோதனையில் கண்டறியப்படலாம். எனவே, சொறிந்து கொள்பவர் அனைவரையும் போதைப் பழக்கம் உள்ளவராகச் சந்தேகிப்பது தவறு.

அதேசமயம், தூக்கமின்மை, பசியின்மை, எடை குறைதல், காரணமற்ற சந்தேகம், பணத்தேவை அதிகரித்தல் ஆகியவையும் சேர்ந்து காணப்பட்டால், தோல் மருத்துவருடன் மனநல மருத்துவரையும் அணுகுவது அவசியம்.

குடும்பத்தினர் செய்ய வேண்டியவை

"பூச்சியே இல்லை" என்று வாதிடுவதால் பயன் இல்லை. "ஆம், இருக்கிறது" என்று ஒப்புக்கொள்வதும் கூடாது. அவர் படும் துன்பம் உண்மையானது என ஏற்றுக்கொண்டு, மருத்துவரிடம் செல்லலாம் என்று அழைப்பதே சிறந்த வழி. பயன்படுத்திய பொருள் எது என்பதை மருத்துவரிடம் மறைக்கக் கூடாது. நெஞ்சு வலி, கடும் காய்ச்சல், வலிப்பு, தற்கொலைப் பேச்சு ஆகியவை இருந்தால் உடனடியாக 108 ஆம்புலன்ஸை அழைக்க வேண்டும்.

பெரும்பாலானோருக்குப் போதைப்பொருளை நிறுத்திய சில நாட்களில் அல்லது வாரங்களில் இந்த உணர்வு குறைகிறது. தேவைப்பட்டால் மனநல மருத்துவர் குறுகிய காலத்திற்கு மருந்துகள் அளிப்பார். மீண்டும் பழக்கத்திற்குத் திரும்பாமல் இருக்க உளவியல் ஆலோசனை முக்கியம்.

வழக்கு வருமோ என்ற அச்சத்தால் பலர் சிகிச்சையைத் தவிர்க்கின்றனர். ஆனால், சிறிய அளவு போதைப்பொருள் தொடர்பான வழக்கை எதிர்கொள்ளும் ஒருவர், அரசு அங்கீகரித்த மையத்தில் தாமாக முன்வந்து சிகிச்சை பெற்றால், வழக்கில் இருந்து விலக்களிக்க 1985-ம் ஆண்டுச் சட்டத்தின் 64ஏ பிரிவு வழி செய்கிறது. சிகிச்சையை முழுமையாக முடிக்காவிட்டால் இந்த விலக்கு திரும்பப் பெறப்படலாம்.

புனேயில் 1986-ம் ஆண்டு முதல் இயங்கும் முக்தாங்கண், சென்னையில் 1980-ம் ஆண்டு தொடங்கப்பட்ட டி.டி.கே. மருத்துவமனை ஆகியவை போதை மீட்புச் சிகிச்சை அளிக்கின்றன. மத்திய அரசின் 14446 என்ற கட்டணமில்லாத் தொலைபேசி எண்ணில் போதை மீட்பு ஆலோசனையும், 14416 என்ற டெலி-மானஸ் எண்ணில் மனநல ஆலோசனையும் பெறலாம். டெலி-மானஸ் சேவை தமிழிலும் வழங்கப்படுகிறது.