தினம் ஒரு பக்கம்

எங்கள் கரியாலூரில் மழை பிடித்துக்கொண்டால் கரண்டும் போகும், செல்போனுக்கு டவரும் போகும். இவர் வேலைக்கும் பையன் ஹாஸ்டலுக்கும் போன பிறகு சுவரோடுதான் பேச வேண்டும். அம்மா காலமானதிலிருந்து எனக்கு ராத்திரியில் தூக்கமே இல்லை. காரணம் இல்லாமல் இவர் மேல் எரிந்து விழுவேன். கள்ளக்குறிச்சியில் இருக்கும் அக்காவோடும் பேச்சு குறைந்துவிட்டது.

வருஷத் திதிக்குப் போனபோது அக்கா ஒரு நாற்பது பக்க நோட்டைக் கையில் திணித்தாள். "தினம் ஒரு பக்கம், முப்பது நாள் விடாமல் எழுதிக் காட்டுடி, பார்க்கலாம்" என்றாள்.

பத்தாவது படித்தவளுக்கு எழுத என்ன இருக்கு என்று நீங்களும் நினைப்பீர்கள். நமக்குப் பக்கத்திலே புதுச்சேரியில் துபாஷாக இருந்த ஆனந்தரங்கப் பிள்ளை 1736 முதல் 1761 வரை தமிழில் நாட்குறிப்பு எழுதி வைத்தார். அதில் துய்ப்ளே துரையின் ராஜாங்க விவகாரம் மட்டுமா இருக்கிறது? கப்பல் வந்தது, வியாபாரம், கல்யாணம், ஊர் வம்பு எல்லாம் உண்டு! அவர் மறைந்து எண்பத்தைந்து வருஷம் கழித்து, 1846-ல்தான் அது வெளியே தெரிய வந்ததாம். அவரே ஊர் வம்பு எழுதும்போது நமக்கென்ன கூச்சம்?

முதல் நாள் மூன்றே வரி: சாமைச் சோறு, கத்தரிக்காய்க் குழம்பு, மழை. பதினோராம் நாள் ஜுரம். "இன்று முடியவில்லை" என்று ஒரு வரி எழுதி, அதையும் ஒரு பக்கமாகக் கணக்கில் சேர்த்துக்கொண்டேன். (கள்ளாட்டம்தான்!)

பதினாறாம் நாள்தான் மனசில் இருந்த முள் வெளியே வந்தது. "அம்மாவுக்கு முடியவில்லை என்று அக்கா எனக்கு ஏன் முன்னாடியே சொல்லவில்லை?" அழுதுகொண்டே மூன்று பக்கம் எழுதினேன். அன்று மனசு இன்னும் கனத்துத்தான் போயிற்று.

அது சகஜம்தானாம். 1986-ல் வெளியான ஓர் ஆய்வுக்காக, பென்னிபேக்கர் என்ற அமெரிக்க மனோதத்துவ நிபுணர் கல்லூரி மாணவர்களைத் தினம் பதினைந்து நிமிஷமாக நாலு நாள், மனசை வாட்டிய சம்பவத்தை எழுதச் சொன்னார். எழுதியவுடனே அவர்களுக்கு வருத்தம் கூடத்தான் செய்தது. ஆனால் பிந்திய மாதங்களில் அவர்கள், சாதாரண விஷயம் எழுதியவர்களைவிடக் குறைவாகவே டாக்டரிடம் போனார்கள். அதற்காக மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள்!

முப்பதாம் நாள் முடிந்ததும், பதினாறாம் நாளைக் கிழித்துவிடலாமா என்று ரொம்ப நேரம் யோசித்தேன். கிழிக்காமல் இவரிடம் கொடுத்தனுப்பினேன். நோட்டு திரும்பி வந்தபோது அந்தப் பக்கத்தின் அடியில் அக்காவின் கோணல் எழுத்து: "அன்னிக்குப் பதினேழு தடவை போன் போட்டேன்டி. டவரே கிடைக்கலை. நீ கோபமா இருக்கேன்னு தெரிஞ்சும் சொல்ல வாய் வரலை."

இப்போது நாலாவது நோட்டு ஓடுகிறது. இவர் கள்ளக்குறிச்சிக்குச் சாமான் வாங்கப் போகும்போது பையில் நோட்டும் போகும். போன தடவை நான் எழுதிய புளிக்குழம்புக்குப் பக்கத்தில் அக்கா எழுதியிருந்தாள்: "தப்பு. அம்மா வெந்தயத்தை முதலில்தான் போடுவாள்."