தலைக்குக் குளித்தால் தலைவலியா?



"தலைக்குக் குளித்தாலே மண்டையிடி, தலையில் நீர் கோத்துக்கொண்டது" என்று மீமிசல் பக்கத்துத் தாய்மார் சொல்வதுண்டு. அதை வீண்பேச்சு என்று தள்ளிவிட வேண்டாம். மும்பையின் தலைவலி நிபுணர் டாக்டர் கே. ரவிசங்கர், தலைக்குக் குளித்ததால் மைக்ரேன் என்னும் ஒற்றைத் தலைவலி தூண்டப்பட்ட 94 இந்திய நோயாளிகளை ஆராய்ந்து, 2006-இல் 'செஃபலால்ஜியா' என்ற சர்வதேச மருத்துவ இதழில் எழுதினார்.

உண்மையில் தலையில் நீர் கோப்பதில்லை. மைக்ரேன், மூளை நரம்புகள் சம்பந்தப்பட்ட கோளாறு. பெரும்பாலும் குடும்பவழியாக வருவது. வெயில், பட்டினி, தூக்கக்குறைவு போலவே தலைக்குளியலும் சிலருக்கு அதைத் தூண்டிவிடுகிறது. ஆகவே குளியலையே விட்டுவிட வேண்டியதில்லை. வலி எந்தெந்த நாளில் வருகிறது என்று குறித்துவைத்து மருத்துவரிடம் காட்டினால், குளிக்கும் முன்பே மருந்து தரலாமா என்று அவர் முடிவு செய்வார்.

கடையில் தாமாகவே மாத்திரை வாங்கிப் போடுவதுதான் ஆபத்து. மாதத்தில் 10, 15 நாட்கள் என்று மாதக்கணக்கில் விழுங்கினால், வலி மாத்திரையே தலைவலியை உண்டாக்கும்!

திடீரென்று வரும் கடும் வலி, காய்ச்சலுடன் கழுத்து விறைப்பு, கை கால் தளர்ச்சி ஆகியவை மைக்ரேன் என்று வீட்டில் காத்திருக்கத் தக்கவை அல்ல. உடனே மருத்துவமனைக்கு வரவேண்டும். இதை உங்கள் வீட்டாருக்கும் வாசித்துக் காட்டுங்கள்.